'மூக்கால பேசும்' பிள்ளைக்குக் காற்றளவுப் பரிசோதனை எதற்கு?

தக்கலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு ஏழு வயது. அண்ணப்பிளவுக்கு (மேல்வாய்ப் பிளவு) கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் ஆனது. இப்போதும் 'மூக்கால பேசுகான்' என்று கூடப்படிக்கிற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்கிறார் தெரபிஸ்ட். வலிக்குமா? அதை வைத்தே மறுபடியும் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களா?"

வலிக்காதும்மா. ஊசி, மயக்க மருந்து, எக்ஸ்ரே எதுவும் கிடையாது. மூக்கின் மேல் சின்ன மாஸ்க், உதட்டுக்குப் பின்னால் மெல்லிய குழாய், அவ்வளவுதான். பிள்ளை குழாயைக் கடித்தால் திட்டாதீர்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

'ப' சொல்லும்போது உதடு மூடியிருக்கும். அதே நேரம் மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மென்சதை, மேலே எழும்பி, தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காற்று மூக்கு வழியே ஓடிவிடும், 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். அந்த நேரத்தில் வாய்க்கும் மூக்குக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும் மூக்கு வழி வரும் காற்றையும் கருவி அளக்கிறது. இந்த இரண்டிலிருந்தும் இடைவெளியின் அளவைக் கணக்கிடும் முறையை வாரன், டுபுவா இருவரும் 1964-ல் வெளியிட்டார்கள். பொதுவாக 5 சதுர மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல மூடல், 20-ஐத் தாண்டினால் பெரிய கசிவு. இடையில் வருபவர்களுக்குத்தான் நிதானம் தேவை. தனி 'ப' ஒழுங்காக வரும் பிள்ளைகூட 'கம்பு' என்னும்போது தடுமாறலாம். 'ம்'முக்குத் திறந்த வழியை அடுத்த கணமே மூட வேண்டுமே!

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஆபரேஷன் முடிவு செய்யக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அண்ணத்தில் சின்ன ஓட்டை மீதி இருந்தாலும் காற்று கசியும். சில பிள்ளைகள் 'க', 'ட' போன்ற ஒலிகளைத் தொண்டையில் அழுத்திச் சொல்லப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும், கத்தியால் ஆகாது. மூடாத இடம் எது, எப்படி மூடுகிறது என்பதை மூக்கு வழி கேமரா காட்டும். காற்றளவு, பேச்சு, கேமரா மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சளி பிடித்திருக்கும்போது போகாதீர்கள், அளவை நம்ப முடியாது. நம்மூரில் ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டும் உண்டே, நாள் பார்த்து வாங்குங்கள். முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே உள்ள 'நிஷ்' நிறுவனம் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிறது. கருவி இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

வீட்டிலும் பார்க்கலாம். 'பாப்பா, பாப்பா' என்று சொல்லத் தொடங்கியபின் மூக்கின் கீழ் கண்ணாடியை நீட்டி, முடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பனி படர்ந்தால் கசிவு உண்டு. பேச்சு முடிந்து மூச்சு விட்டால் யாருக்கும் படரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பலூன் ஊதவும் விசில் அடிக்கவும் வைத்துப் பிள்ளையைச் சோர்வாக்க வேண்டாம். ஊதும்போது அண்ணம் மூடுவது வேறு, பேசும்போது மூடுவது வேறு. அப்புறம், யாராவது அடினாய்டை (மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் உள்ள சதை) எடுக்கச் சொன்னால் அண்ணப்பிளவு இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு மெல்லண்ணம் அந்தச் சதையில் முட்டித்தான் வழியை அடைக்கிறது, அதை எடுத்தால் கசிவு கூடிவிடும்.