விசுவாசத்தில் குளிர்ந்துபோனவர் ஆண்டவரிடம் திரும்ப மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

கேட்டவர் சொல்வது இது: குழந்தையில் ஞானஸ்நானம், பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தல் (தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திருவிருந்துக்குத் தகுதி பெறுவது), பிறகு வேலைக்காக வெளியூர். பல வருடங்களாகக் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் ஆலயம். இப்போது திரும்ப வேண்டும் என்று ஒரு பாரம். கூட வேலை பார்ப்பவர், "முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் புது ஆரம்பம்" என்கிறார். எடுக்கலாமா, இல்லையென்றால் வேறு என்ன செய்வது?

எடுக்க வேண்டாம்.

திடப்படுத்தல் என்று எழுதியிருப்பதால் நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று வைத்துக்கொள்கிறேன். திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறோமே, அது சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போவதற்கல்ல. பேதுரு ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்தார். யோவான் 21-ல் இயேசு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள்: சாப்பாடு போட்டு, மூன்று தரம் ஒரே கேள்வியைக் கேட்டு, வேலையைக் கையில் கொடுக்கிறார். அன்றைக்குப் பேதுரு தண்ணீரில் இறங்கியது அவராகவே படகிலிருந்து குதித்ததுதான்.

பெந்தெகொஸ்தே சகோதரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். குழந்தை ஞானஸ்நானத்தை நீங்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை, ஆகவே உங்கள் கணக்கில் இது இரண்டாவது அல்ல, முதலாவது. அது 1525-ல் சூரிச்சில் வெடித்த வாதம், இங்கே தீராது. இவர் கேட்பது வேறு. குளிர்ந்துபோனதற்கு மருந்தாக முழுக்கைக் கேட்கிறார். அடுத்த முறை குளிர்ந்தால் என்ன செய்வார், மூன்றாவதா?

செய்ய வேண்டியது வெளிப்படுத்தல் 2:5-ல் எபேசு சபைக்குச் சொன்னதேதான்: எங்கிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்ததைச் செய். இந்த வரிசையில் "உணர்ச்சி வரும்வரை காத்திரு" என்று எங்கும் இல்லை.

நினைப்பதற்கு ஒரு நோட்டும் ஒரு மணி நேரமும் வேண்டும், போன் வேறு அறையில் இருக்க வேண்டும். "நான் பெரும் பாவி" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. எந்த வருடம், எந்த ஊரில், எதற்குப் பிறகு ஜெபம் நின்றது என்று எழுதுங்கள். காரணங்கள் பெரும்பாலும் நாலுக்குள் அடங்கும். புது ஊருக்குப் போன முதல் இரண்டு மாதத்தில் எந்தச் சபையிலும் சேராமல் விட்டது ஒன்று. சபைக்குள் நடந்த சண்டை ஒன்று. வருந்திக் கேட்டும் கிடைக்காத ஜெபம், பெரும்பாலும் ஒரு சாவு, இன்னொன்று. யாருக்கும் தெரியாத ஒரு பழக்கம் நாலாவது. நாலுக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் நம் கன்வென்ஷன் மேடைகளில் நடக்கும் தவறு. சபையில் சேராமல் விட்டவருக்கு ஞாயிறு ஆராதனை நேரம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அம்மாவைப் புற்றுநோயில் இழந்தவரிடம் "முன்னே வாருங்கள், கையை உயர்த்துங்கள்" என்றால் அவர் இன்னும் தூரம்தான் போவார். அவர் வாசிக்க வேண்டியது 88-ஆம் சங்கீதம். இருட்டிலேயே முடியும் சங்கீதம் அது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மனுஷரிடம் உள்ள பாக்கி. லூக்கா 19-ல் வரும் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது. நோட்டின் அடுத்த பக்கத்தில் பெயர்களை எழுதுங்கள்: வாங்கித் தராத பணம், பாகப்பிரிவினையில் பேசிய பேச்சு, மனைவியிடம் சொன்ன பொய். பணத்தை மொத்தமாகத் தர முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று சொல்லி முதல் தவணையைக் கையோடு கொடுங்கள். மன்னிப்பு கேட்கும்போது ஒரு வாக்கியம் போதும்: "நான் இன்னது செய்தேன், அது தப்பு, மன்னியுங்கள்." அதோடு "நீங்களும் அன்றைக்கு அப்படிப் பேசினீர்கள்" என்று சேர்த்தால் எல்லாம் பாழ். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நேரில், முடியாவிட்டால் போனில். விதிவிலக்கு உண்டு: உங்களை அடித்தவரிடமோ கெடுத்தவரிடமோ போய் நிற்கச் சொல்லவில்லை. அங்கே தப்பு செய்தவர் நீங்கள் அல்ல.

"கிருபையினாலே இரட்சிப்பு, இவர் கிரியைகளைப் பேசுகிறார்" என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார். ஐயா, மன்னிப்பை விலைக்கு வாங்கச் சொல்லவில்லை. சகேயுவும் இயேசு வீட்டுக்குள் வந்த பிறகுதான் பணப்பையைத் திறந்தார்.

இனி புதுப்பித்தல். இதற்கு நம் சபையிலேயே ஒரு வழி இருக்கிறது, நாம்தான் அதை வீணடிக்கிறோம். ஜனவரி முதல் ஞாயிறு, தேவனுக்குத் தன்னை மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறதே, அது மெதடிஸ்ட் வழியாக நமக்கு வந்தது, 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு இணைந்தவர்கள் அவர்கள். 1755 ஆகஸ்ட் 6-ஆம் தேதி லண்டனில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதைச் சபைக்கு அறிவித்தார். தொடர்ந்து சில நாள் காலையில் விளக்கினார். வெள்ளிக்கிழமை பலர் உபவாசம் இருந்தார்கள். 11-ஆம் தேதி திங்கள் மாலை 6 மணிக்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பிரெஞ்சு ஆலயத்தில் கூடினார்கள். ரிச்சர்ட் அல்லைன் என்ற பியூரிட்டன் போதகர் 1663-ல் வெளியிட்டிருந்த உடன்படிக்கை வாசகத்தை வெஸ்லி வாசிக்க, சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். எழுந்து நின்றதைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தின ஐந்து நாளைப் பாருங்கள். நம் ஊரில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, மறுநாள் பிரியாணி, அந்தத் தூக்கக் கலக்கம் தீருமுன் உடன்படிக்கை. அச்சடித்த தாளை இரண்டு நிமிடத்தில் ஒன்றாய்ப் படித்துவிட்டு, திருவிருந்துக்கு வரிசையில் நிற்கிறோம்.

அல்லைன் சொன்ன முறை தனியாளுக்கும் பொருந்தும். தேவனோடு தனித்திருக்க ஒரு தடவைக்கு மேல் நேரம் ஒதுக்கு. மனதை அடக்கி, செய்யப்போவது எவ்வளவு பெரியது என்று எண்ணு. உன் பலத்தையல்ல, அவர் வாக்கைப் பற்றிக்கொள். உண்மையாயிருப்பேன் என்று தீர்மானி. பிறகு முழங்காலில் நின்று வாய்விட்டுச் சொல். அதோடு நிறுத்தாமல், எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சியாகப் பத்திரப்படுத்து என்கிறார். கடைசியில் சொன்னதுதான் அதிகம் வேலை செய்யும். மனசுக்குள் எடுத்த தீர்மானத்தைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். தேதியோடு தாளில் இருப்பதை அப்படித் திருத்த முடியாது.

ஆகவே ஆயரிடமோ உபதேசியாரிடமோ உடன்படிக்கைத் தாளை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம் மெதுவாய் வாசியுங்கள். நான் இனி எனக்குரியவன் அல்ல, எனக்கு வேலை கொடுத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் சரி என்ற பொருளில் வரும் வரிகளில் ஏதோ ஒன்றில் நாக்கு இடறும். ஒருவருக்கு அது பதவி உயர்வு, இன்னொருவருக்குப் பிள்ளையின் கல்யாணம். இடறும் வரியின் கீழே கோடு போடுங்கள். உங்கள் ஜெபம் அங்கேதான் தொடங்க வேண்டும். மற்ற வரிகளை எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கையெழுத்து கடைசி நாளில். ஜனவரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், வெஸ்லி செய்தது ஆகஸ்டில்.

வேத வாசிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. வேதாகமத்தில் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும் என்ற கணக்கு சரி, ஆனால் திரும்பி வருகிறவருக்கு அது பொறி. நாளுக்கு மூன்று வீதம் போனாலே ஜனவரி 25-ல் யாத்திராகமம் 25, அதாவது ஆசரிப்புக் கூடாரத்தின் முழமும் கொளுவியும், 31-ல் லேவியராகமம். அங்கே நாலு நாள் தவறும், பன்னிரண்டு அதிகாரம் பாக்கி விழும், பாக்கியைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுவோம். மாற்கிலிருந்து தொடங்குங்கள், மொத்தமே 16 அதிகாரம். நாளுக்கு ஒரு அதிகாரமும் ஒரு சங்கீதமும் வாய்விட்டு. தவறிய நாளைத் தவறியதாகவே விடுங்கள், சேர்த்து வாசிக்க வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பு நாக்கில் ஓடவில்லையென்றால் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் வாசித்துவிட்டு, மனப்பாட வசனத்தைப் பழையதில் வைத்துக்கொள்ளலாம். ஜெபம் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். உபவாசம் என்றால் வெள்ளி மதியச் சாப்பாடு ஒன்றை விடுவது போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை மட்டும் இந்த வாசிப்புக்குப் பதிலாக வைத்துவிடாதீர்கள். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11 அட்டை எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் 70 வருடம் நிறைவேறின பின்பு என்று சொல்லும் வசனம், எந்த அட்டையிலும் வருவதில்லை.

தனியாக இதைத் தாங்க முடியாது. வாரம் ஒரு தரம் சந்திக்க இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள், ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. முக்கால் மணி நேரம், மூன்று கேள்வி: இந்த வாரம் எதில் விழுந்தாய், எதில் தப்பினாய், எதை இன்னும் மறைக்கிறாய். இது கெட்டுப்போவது ஒரே வழியில்தான். ஒருவர் சொன்னது மறுநாள் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் எல்லாம் சுற்றிவரும். வெளியே போகாது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்; ஒரு தரம் மீறினவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. 1742-ல் பிரிஸ்டல் மெதடிஸ்டுகள் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவெடுத்து, பன்னிரண்டு பேருக்கு ஒருவரை வசூலுக்கு வைத்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர் யார் எப்படி வாழ்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தார். அதிலிருந்து வகுப்புக் கூட்டம், அதாவது ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்கும் சிறு குழு, பிறந்தது. நம் சில சேகரங்களில் (ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகளில்) பத்து வருடம் கழித்து ஒருவன் வாசலில் வந்து நின்றால் முதலில் எடுப்பது சந்தா புத்தகம். எத்தனை வருடப் பாக்கி, கட்டினால்தான் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்போம், கட்டினால்தான் கல்லறையில் இடம். அவன் எந்த நிலையில் வந்திருக்கிறான் என்று கேட்க ஆளில்லை. சபைத் தேர்தல் வந்தால் மட்டும் அதே பாக்கியை அவனுக்காகக் கட்ட இரண்டு அணியும் வரும். சந்தா கூடாது என்று சொல்லவில்லை, ஆலயத்துக்குக் கரண்ட் பில் உண்டு. அதை இரண்டாவது மாதம் கேட்கலாம். உங்களிடம் முதல் நாளே கேட்டால் கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், மாதத் தவணை சொல்லிவிட்டு ஆயரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள்.

ஒருவேளை நீங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்றால் வழி இன்னும் நேர். ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு, பெறுங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் என்று சொல்லித் தொடங்க வேண்டும், கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். ஜெபங்கள் மறந்துபோயிருந்தால் குருவானவரே சொல்லித் தருவார். அங்கே சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு வாக்குறுதிகளைச் சபையே புதுப்பிக்கும், அதற்குள் இதை முடித்துவிட்டால் நல்லது.

எல்லாம் செய்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லையே என்பீர்கள். வெஸ்லிக்கு 1738 மே 24 இரவு ஆல்டர்ஸ்கேட் தெருவில் இருதயம் அனலானது எல்லாப் பிரசங்கத்திலும் வரும். 1739 ஜனவரி 4-ல் அதே மனுஷன், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதியது வருவதில்லை. அப்படி எழுதிக்கொண்டே பிரசங்கத்தையும் சிறைச்சாலை ஊழியத்தையும் விடாமல் செய்தார். ஜெபம் மட்டுமில்லாமல் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள் எதிலுமே மாதக்கணக்கில் ருசியில்லை என்றால் அது பின்மாற்றம் (விசுவாசத்தில் பின்வாங்குவது) அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைப் பிசாசு என்று சொல்லி எண்ணெய் பூச வருகிறவர்களிடம் போக வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் உங்களுக்கு வரும்: இத்தனை வருடம் கழித்து முதல் ஞாயிறே திருவிருந்து எடுக்கலாமா? திடப்படுத்தல் பெற்றவர், சபை ஒழுங்கு நடவடிக்கையில் இல்லாதவர் என்றால் எடுக்கலாம். 1 கொரிந்தியர் 11:28-ஐக் காட்டி யாராவது பயமுறுத்தினால், வசனத்தை முழுதாய் வாசிக்கச் சொல்லுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை இரவே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுங்கள், ஆலயத்தில் பாமாலை ஆரம்பித்த பிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.