அனோடைசிங் செய்த பிறகு போல்ட் ஏறவில்லை, கருப்பு நிறமும் ஜாபுக்கு ஜாப் மாறுகிறது. தவறு யாருடையது?

50 மைக்ரான் ஹார்ட் அனோடைசிங் (தடித்த, கடினமான படலம்) கேட்ட பிராக்கெட்டில் எம்6 போல்ட் ஏறவில்லை, கருப்புச் சாயமிட்ட மூடிகளும் ஒரே நிறத்தில் இல்லை, பட்டறை கெடுத்துவிட்டது என்கிறீர்கள். முதலில் மரைக் கணக்கைப் பாருங்கள்.

அனோடைசிங் பெயின்ட் மாதிரி மேலே பூசுவதல்ல. ஆசிட் தொட்டியில் மின்சாரம் விடும்போது அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. ஹார்டில் படலம் பாதி உள்ளே, பாதி வெளியே வளரும். 50-ல் 25 மைக்ரான் வெளியே. 60 டிகிரி மரையில் அது பிட்ச் விட்டத்தை (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்) தன்னைப் போல நான்கு மடங்கு, அதாவது 100 மைக்ரான் (0.10 மி.மீ.) குறைக்கும். எம்6, 6எச் (துளை மரைக்கான வழக்கமான டாலரன்ஸ்) மரைக்கு பிட்ச் விட்டத்தில் அனுமதியே 5.350 முதல் 5.500 மி.மீ. வரைதான். டேப் 5.40-ல் வெட்டியிருந்தால் மிஞ்சுவது 5.30. 6ஜி (போல்ட்டுக்கான வழக்கமான டாலரன்ஸ்) போல்ட் 5.324 வரை இருக்கலாம். எப்படி ஏறும்? ஓவர்சைஸ் டேப் போடுங்கள், இல்லையென்றால் துளையை சிலிக்கான் ரப்பர் பிளக்கால் அடைக்கச் சொல்லி டிராயிங்கிலேயே எழுதுங்கள். அனோடைஸ் ஆன பிறகு டேப் விட்டால் படலம் உரிந்துவிடும்.

இனி கருப்பு. மூடிகளில் பாதி 6063 அலுமினியக் கலவை, பாதி ஏடிசி12 என்ற வார்ப்புக் கலவை என்றால் நிறம் சேரவே சேராது. வார்ப்பில் சிலிக்கான் 10 சதவீதத்துக்கு மேலும் இருக்கும், அது சாம்பல் திட்டாகத் தெரியும். எல்லாமே 6063 என்றால் படலத்தின் தடிமனைக் கேளுங்கள். 20 டிகிரி சல்ஃபியூரிக் தொட்டியில் சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் கொடுத்தால் அரை மணியில் 13 மைக்ரான் போலத்தான் வரும். நல்ல கருப்புக்குக் குறைந்தது 15 மைக்ரான் வேண்டும், இன்னும் பத்து நிமிடம் விட வேண்டும். குருட்டுத் துளையைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தால், அலசும்போது உள்ளே தங்கிய ஆசிட் பின்னால் கசிந்திருக்கிறது.

பட்டறைகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். சில்லர் (தொட்டியைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் தொட்டி ஓட்டுபவர்களும் உண்டு. தொட்டி சூடேறினால் படலம் இளகி, விரலால் தேய்த்தாலே வெள்ளை மாவாக வரும். அப்படி வந்தால் ஜாபைத் திருப்பி அனுப்புங்கள். படலத்தின் நுண்துளைகளை அடைக்கும் கொதிநீர் சீலிங்கை 15 மைக்ரானுக்குப் பத்தே நிமிடத்தில் முடித்தாலும் விடாதீர்கள், மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம் வேண்டும். ஆனால் ஜாபைத் தொங்கவிட்ட இடத்தில் விழும் சிறு புள்ளி குறையல்ல. மின்சாரம் போக எங்காவது பிடித்துத்தான் ஆக வேண்டும், எங்கே பிடிக்கலாம் என்று நீங்கள்தான் குறித்துத் தர வேண்டும்.

இன்னொன்று, கிலோ கணக்கில் கூலி பேசுவதை நிறுத்துங்கள். மின்சாரம் ஓடுவது பரப்புக்கு. மெல்லிய தகடு நூறு கொடுத்துவிட்டு எடை போட்டுக் காசு தந்தால், நேரத்தைக் குறைத்துத்தான் எடுப்பார்கள்.