பேனலில் முதலில் எதை மாற்றுவது?

வாசகர் கேள்விகளுக்கு, ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானக் கருவிப் பொறியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, நானும் என் மைத்துனரும் சேர்ந்து 1974-ல் தயாரான ஒரு செஸ்னா 172 சின்ன விமானம் வைத்திருக்கிறோம். சேலம் விமான நிலையத்தில்தான் நிறுத்துகிறோம். பேனலில், அதாவது பைலட்டுக்கு முன்னால் இருக்கும் கருவிப் பலகையில், இருப்பதெல்லாம் பழைய முள் கருவிகள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெரிய திரையாகப் போட மைத்துனருக்கு ஆசை. அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் புரளாது. எங்கள் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்), “கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்” என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
— வாசகர், ஓமலூர்

பதில்: உங்கள் ஏ.எம்.இ. நல்ல மனிதர். மொத்தமாக மாற்றினால் அவருக்கும் வேலை அதிகம், வரவும் அதிகம். அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்கிறார் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

திரையின் அளவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் பேனலில் எந்தக் கருவி கெட்டுப்போனதைக் காட்டிக்கொள்ளாமல் கெட்டுப்போகும்? அதுதான் முதலில் போக வேண்டும். உங்களுடையது போன்ற பழைய செஸ்னாவில் அது நடுவில் இருக்கும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர். பழைய ஆட்கள் ஹொரைசன் என்போம். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று காட்டுவது.

அதற்குள் கைரோ என்ற ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. அதைச் சுற்ற வைப்பது எஞ்சினின் பின்பக்கம் மாட்டியிருக்கும், காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப். பம்புக்குள் இருப்பவை கிராஃபைட் தகடுகள். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பட்டென்று உடையும், முன்கூட்டி ஒரு சத்தம்கூடக் கொடுக்காது. உடைந்ததும் கைரோ உடனே நிற்பதில்லை. வேகம் குறையக் குறைய, சில நிமிடங்களில், மெல்லச் சாயத் தொடங்கும். பம்ப் உறிஞ்சுகிறதா என்று காட்டும் சக்ஷன் கேஜைப் பார்க்காத பைலட், விமானம்தான் சாய்கிறது என்று நினைத்து அதை நிமிர்த்தப் போவார். நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தை அவரே கவிழ்ப்பார்.

வெயில் அடிக்கும் நாளில் மேட்டூர் அணை மேல் பறக்கும்போது இது ஒரு பெரிய விஷயமே இல்லை. வெளியே பார்த்தால் அடிவானம் தெரியும். ஆனால் நம் ஊர் அமைப்பை யோசியுங்கள். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலைய ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மதியம் மூன்று மணி வாக்கில் காப்பித் தோட்டத்துக்குள் மேகம் இறங்கும். இருபது அடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம் காணாமல் போய்விடும். எனக்குக் கால் தரையில் இருக்கிறது, கவலை இல்லை. விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எது மேல், எது கீழ் என்று சொல்ல உடம்பில் ஒன்றும் கிடையாது. உள்காது சொல்வதெல்லாம் தப்பாக இருக்கும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை உட்கார வைத்து, வெளியே தெரியாதபடி மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த 178 வினாடியில் ஹொரைசனும் ஏமாற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் செலவு அங்கேதான். கார்மின் ஜி5, அல்லது அதே கம்பெனியின் ஜிஐ 275 போன்ற ஒரு எலக்ட்ரானிக் கருவியைப் பாருங்கள். ஆஸ்பென் கம்பெனியும் இதே மாதிரி செய்கிறது. இவற்றில் சுற்றும் சக்கரம் இல்லை, பம்பும் தேவையில்லை. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்தாலும் கருவிக்கென்று தனி பேட்டரி உண்டு. ஜி5-ல் அது நான்கு மணி நேரம் வரை தாங்கும். ஜிஐ 275 பழைய மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அதே வட்டத் துளையிலேயே உட்காரும், தகட்டைப் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. பிறகு பணம் சேரும்போது திசை காட்டும் கைரோவுக்குப் பதிலாக இரண்டாவது ஒன்றைப் போடுங்கள். அன்றைக்குப் பம்ப், ஹோஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிவிடலாம்.

காற்றில் போகும் வேகம் காட்டும் ஏர்ஸ்பீடு, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் இரண்டின் முள் கருவிகளையும் எடுக்க வேண்டாம். அவற்றுக்குக் கரண்ட் வேண்டாம், காற்றழுத்தம் போதும். எல்லாத் திரையும் இருண்டாலும் அவை வேலை செய்யும். ஆனால் ஆல்டிமீட்டரில் அன்றைய காற்றழுத்தத்தைத் திருகி வைக்கும் சின்ன ஜன்னலை ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய விமானம் என்றால் பாதரச அங்குலக் கணக்கு மட்டும் இருக்கும், 29.92 என்று. இங்கே டவரில் சொல்வது ஹெக்டோபாஸ்கல், அதே அழுத்தம் 1013. பைலட் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டையைப் பார்த்துக் கணக்கிடுகிறார் என்றால், ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினாலே ஏறக்குறைய 28 அடி உயரம் தவறும். பத்து பிசகினால்? மலை ஓரம் பறக்கிறவருக்கு இது சின்னக் கணக்கு இல்லை. ஹெக்டோபாஸ்கல் காட்டும் ஆல்டிமீட்டரை மாற்றிப் போடுவது பெரிய திரையைவிட எவ்வளவோ மலிவு.

அப்புறம் வயரிங். இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், உங்களுடையது போன்ற ஒரு விமானத்தில் பழைய ஏ.டி.எஃப். (ரேடியோ அலையை வைத்துத் திசை காட்டும் கருவி) பெட்டியைக் கழற்றினோம். வயரை முழுவதும் உருவ நேரம் இல்லை, நுனியில் டேப் சுற்றிக் கட்டி வைத்தோம். சில மாதம் கழித்து டாக்ஸி பண்ணும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, பேனலுக்குப் பின்னால் புகை வந்தது. டேப் வெயிலில் காய்ந்து உரிந்து, வயர் தகட்டில் உரசியிருக்கிறது. தரையிலேயே நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லாக் புக்கில் இருந்த கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து, கழற்றிய பெட்டியின் வயரை மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வரை உருவி எடுக்காமல் நான் எந்தப் பேனலையும் மூடியதில்லை. ஐம்பது வருட விமானம் என்றால் உள்ளே எத்தனை பேர் விட்டுப்போன வயர் இருக்கும் என்று பாருங்கள். கூலி அதிகமாகும், பெட்டியின் விலையளவு வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பேனலை மூடும் முன் நீங்களே உள்ளே உட்கார்ந்து, ஸ்டீரிங் மாதிரி இருக்கும் யோக்கைக் கடைசி வரை இழுத்து, தள்ளி, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஏ.எம்.இ. டார்ச் அடித்துப் பின்னால் பார்க்கட்டும். புதிய வயர்க் கட்டு எதுவும் யோக்கின் தண்டில் படக்கூடாது.

காகித வேலை: கருவிக்கு உங்கள் மாடலுக்கான எஸ்.டி.சி. (இந்த மாடலில் இதைப் பொருத்தலாம் என்ற சான்று) இருக்க வேண்டும், மாற்றத்துக்கு விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் ஏற்பு வேண்டும். பெட்டியை ஆர்டர் பண்ணுவதற்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள். ரேடியோவையும் மாற்றினால் மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் லைசென்சிலும் புது செட் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் எடைக் கணக்கு, காம்பஸ் ஸ்விங் (திசைகாட்டியின் பிழையைச் சரிபார்ப்பது), பிட்டோ–ஸ்டாட்டிக் (வேகம், உயரம் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் குழாய்கள்) கசிவுச் சோதனை. இவை இல்லாமல் பறக்க வேண்டாம்.

கேள்வி: நான் விமானப் பயிற்சியில் சேரப் போகிறேன். ஒரு பள்ளியில் திரை வைத்த விமானம், இன்னொன்றில் பழைய முள் கருவிகள். எதில் படிப்பது நல்லது?
— கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: எதில் படித்தாலும் பைலட் ஆகலாம் அம்மா. இருபது வருடங்களுக்கு முன்பே செஸ்னா 172-ல் கார்மினின் ஜி1000 திரை வந்துவிட்டது, நாளைக்கு ஏர்லைனில் போனாலும் திரைதான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விமானங்கள் எத்தனை நாள் ஒழுங்காகப் பறக்கின்றன, சொல்லிக் கொடுப்பவர் பொறுமைசாலியா என்று விசாரியுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வாத்தியாரிடம் கேட்டு, ஒரு கருவியைக் காகிதத்தால் மூடிவிட்டு மற்றவற்றை வைத்துப் பறந்து பழகுங்கள். கண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் திரையில் சீக்கிரம் வரும், முள் கருவியிலும் வரும். அதை ஆரம்பத்திலேயே உடைத்துவிட வேண்டும்.

கேள்வி: என் அண்ணன் சின்ன விமானம் ஓட்டுகிறார். டேப்லெட்டில் மேப் ஆப் வைத்திருக்கிறார். “இதுவே போதும், பேனலில் எதற்குச் செலவு” என்கிறார். சரியா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: மேப்புக்கு டேப்லெட் அருமை, நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஜி.பி.எஸ். காட்டுவது தரையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை. இறக்கை தாங்குவது காற்றில் போகும் வேகத்தால். எதிர்க்காற்று, பின்காற்று நாளில் இரண்டும் ஒன்றாக இருக்காது. பின்காற்றில் லேண்டிங்குக்கு வரும்போது டேப்லெட் வேகத்தை நம்பினால் ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது இறக்கை தாங்காமல் விமானம் விழலாம். சித்திரை மாதம் சேலத்து வெயிலில் கண்ணாடிக்குக் கீழே வைத்த டேப்லெட் சூடாகித் தானே அணைந்துவிடும், நீங்களே வைத்துப் பாருங்கள். வழி பார்க்க டேப்லெட் இருக்கட்டும், பறப்பதற்குப் பேனல் வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கைரோ கருவி நன்றாக இருக்கிறதா என்று வீட்டு ஆட்களே பார்க்க வழி உண்டா?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: எஞ்சினை அணைத்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பேனலில் காதை வையுங்கள். நல்ல கைரோ பல நிமிடம் சீராக முனகிக்கொண்டே மெல்ல அடங்கும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, சட்டென்று நின்றுவிட்டாலோ பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்; மறுநாளே ஏ.எம்.இ.யைக் கூப்பிடுங்கள்.