குடுவையில் மிஞ்சுவது புற்றுச்செல்தானா?

கேள்வி: பூனையின் பால்சுரப்பிப் புற்றுக்கட்டியிலிருந்து செல் வளர்க்கிறோம். மூன்றாவது வாரத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) மட்டுமே குடுவையை நிறைக்கிறது. எங்கே பிசகுகிறது?
– கால்நடை மருத்துவ முதுகலை மாணவி

பதில்: பெரும்பாலும் திசு எடுக்கும் இடத்திலேயே. பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருக்கும். உயிருள்ள விளிம்பை எடுங்கள். தோல் வெடித்துப் புண்ணான பக்கம் வேண்டாம், கிருமியும் கூடவே வரும். கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் பொறுமையாக நீக்குங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் வருவது அங்கிருந்துதான்.

1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 37 டிகிரியில் திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியில் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். செல்கள் சிறு கொத்துகளாகப் பிரிந்ததுமே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரியும்வரை விட்டால் எபிதீலியச் செல்கள் (இந்தப் புற்று உருவாகும் சுரப்பிச் செல்கள்) நைந்துவிடும், ஃபைப்ரோபிளாஸ்ட் தாங்கிக்கொள்ளும்.

அடுத்து, ஒட்டும் வேகத்தைப் பயன்படுத்துங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் சீக்கிரம் ஒட்டும், சீக்கிரம் கழன்றும்விடும். முதல் குடுவையில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, ஒட்டாமல் மிதப்பவற்றை வேறு குடுவைக்கு மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு முறை செல்களைப் புதுக் குடுவைக்குப் பிரிக்கும்போதும், ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதியான டிரிப்சினை 0.05 சதவீத அளவில் ஊற்றி ஓரிரு நிமிடத்தில் லேசாகத் தட்டி, கழன்றதைக் கொட்டிவிடுங்கள். மீதிக்குப் புது டிரிப்சின். ஒரே தடவையில் சுத்தமாகாது. நாலைந்து முறையாவது வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் 10 சதவீத ரத்தச் சீரமும் ஃபைப்ரோபிளாஸ்டுக்கே தீனி. அதைக் குறைத்து, இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி, இன்சுலின் சேர்த்துப் பாருங்கள்.

அடையாளம் உறுதியாகாமல் மருந்துச் சோதனையில் இறங்கவே கூடாது. எபிதீலியச் செல்லின் அடையாளப் புரதமான சைட்டோகெரட்டின் இருக்க வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்டில் காணப்படும் வைமென்டின் புரதம் தெரிந்தாலே ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவுகட்டாதீர்கள். குடுவையில் வளரும் புற்றுச்செல்லும் அதைக் காட்டும். பூனைச் செல்தானா என்று பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பாருங்கள், அதே பூனையின் ரத்த டி.என்.ஏ.வோடு ஒப்பிடுங்கள். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையைத் தவறவிடாதீர்கள்.

இவ்வளவு கறார் ஏன்? பூனையின் பால்சுரப்பிக் கட்டிகளில் 80 முதல் 90 சதவீதம் கொடியவை. பலவற்றில் ஹார்மோன் ஏற்பிகள் இருப்பதில்லை. பெண்களுக்கு வரும் 'டிரிபிள் நெகட்டிவ்' (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 ஏற்பியும் இல்லாத) மார்பகப் புற்றுக்கு இவை ஒப்பாவது அதனால்தான். தவறான செல்லில் கிடைத்த முடிவு பூனை, மனிதர் இரு தரப்புக்கும் கேடு.

இன்னொன்று: பூனையின் மரபணுத் தொகுதியிலேயே ஆர்.டி.-114 என்ற ரெட்ரோவைரஸ் பொதிந்திருக்கிறது. சில பூனைச் செல்வரிசைகள் (தொடர்ந்து பெருகும் வளர்ப்புச் செல்கள்) அதை வெளியிடும், அது மனிதச் செல்லையும் தொற்றும். எனவே மனிதச் செல்களோடு ஒரே ஊடகப் புட்டியைப் பகிராதீர்கள்.

தொடக்கத் தலைமுறைச் செல்களையே 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வில் (உறைவால் செல் சிதையாமல் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவைத்துத் திரவ நைட்ரஜனில் சேமியுங்கள்; தலைமுறை ஏற ஏற அவை மூலக்கட்டியிலிருந்து விலகிப்போகும்.