பாட்டு ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது? லேப்டாப் புளூடூத் கேள்வி பதில்

கேள்வி: போனில் ஜோராகப் பாடும் புளூடூத் ஹெட்செட், லேப்டாப்பில் இணைத்தால் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. ஏதாவது டவுன்லோடு ஓடும்போது இன்னும் மோசம். புது ஹெட்செட் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். போனில் ஒழுங்காகக் கேட்கிறது என்றாலே ஹெட்செட்டில் பழுதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 'டவுன்லோடு ஓடும்போது' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கும்.

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பில் சேமித்து வைத்திருக்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, வைஃபையை மட்டும் அணையுங்கள். ஏரோபிளேன் மோடைத் தொடாதீர்கள். அது புளூடூத்தையும் சேர்த்து அணைத்துவிடும். ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பாடினால் குற்றவாளி வைஃபைதான்.

புளூடூத் பாட்டு 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 சேனல்களில், நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை குடியிருப்பதும் அதே இடத்தில். பக்கத்து வீட்டு ரவுட்டர் பிடித்துக்கொண்ட சேனல்களைக் கண்டு புளூடூத் ஓரளவு ஒதுங்கிப் போய்விடும். உங்கள் லேப்டாப்பின் சொந்த வைஃபையிடம் அந்த வித்தை பலிக்காது. பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டும் ஒரே கார்டில் இருக்கின்றன. பல கார்டுகளில் ஆன்டெனாவும் பொது. ஒற்றை அடுப்பில் இரண்டு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது மாதிரிதான். டவுன்லோடு மும்முரமானால் பாட்டுக்கு முறை வரத் தாமதமாகும். ஹெட்செட் கையிருப்பில் வைத்திருப்பதோ ஒரு நொடிக்கும் குறைவான ஒலி. அது தீர்ந்த கணத்தில் வெட்டு விழுகிறது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'நெட்வொர்க் பேண்ட்' (எந்த அலைவரிசை) என்ற வரி இருக்கும். அங்கே 2.4 என்று இருந்தால் 5-க்கு மாறுங்கள். ரவுட்டர் இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் காட்டினால், அதன் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் மட்டும் இணையுங்கள். ரவுட்டரைத் தொட முடியாத ஹாஸ்டல், அலுவலகம் என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'பிரிஃபர்டு பேண்ட்' இருக்கிறதா என்று பார்த்து, அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். இன்டெல் கார்டுகளில் பொதுவாக இருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸே இல்லாத பழைய ரவுட்டரா? அதன் 2.4 சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 20-க்குக் குறையுங்கள். 40 என்பது புளூடூத் தாவும் இடத்தில் ஏறக்குறையப் பாதி. லேன் கேபிள் போட்டு வைஃபையை அணைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

கேள்வி: ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் குரல் கரகரவென்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பின்னால் ஓடும் பாட்டும் அப்படியே ஆகிவிடுகிறது. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது அலைவரிசைத் தகராறு அல்ல. வழக்கமான புளூடூத்தில் ஹெட்செட்டுக்கு இரண்டு முகம். பாட்டு கேட்கும்போது ஸ்டீரியோ, நொடிக்கு 44,100 அல்லது 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்). ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்த நொடியே அது ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முகத்துக்கு மாறிவிடும்: மோனோ, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். டெலிபோன் பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது.

வகுப்புச் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராக ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் உள் மைக்கையும் வையுங்கள். அவ்வளவுதான். விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ' என்றும் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்றும் இரண்டாகத் தெரியும்; ஸ்டீரியோவைப் பிடியுங்கள். வகுப்பு முடிந்தும் கரகரப்பு போகவில்லை என்றால், ஏதோ ஒரு செயலி இன்னும் மைக்கை விடவில்லை என்று பொருள். டாஸ்க்பாரில் மைக் படம் தெரிகிறதா என்று பார்த்து, அந்தச் செயலியை மூடுங்கள். பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப்தான் பெரும்பாலும் மாட்டும்.

கேள்வி: எஸ்எஸ்டி போட சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினேன். அதிலிருந்து இயர்பட்ஸ் இரண்டடி தள்ளினாலே அறுந்துபோகிறது. வைஃபை வேலை செய்வதால் கார்டு நன்றாக இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கார்டு நன்றாகவே இருக்கலாம், ஆன்டெனா ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை கார்டில் பொத்தான் போன்ற இரண்டு சிறு பித்தளைக் குமிழ்கள் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் அகலம்கூட வராது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை அல்லது சாம்பல் ஒயர் அவற்றில் அமர்ந்திருக்கும். வைஃபை இரண்டையும் பயன்படுத்தும். புளூடூத் பல கார்டுகளில் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த ஒன்று கழன்றால் வைஃபை சற்று மந்தமாக ஓடும், புளூடூத் மட்டும் கைக்கெட்டும் தூரத்தோடு நின்றுவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி அச்சு அசல் அதுவே.

நீங்களே திறப்பதானால் ஷட்-டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஒயர் முனையைக் குமிழுக்கு நேர் மேலே வைத்து, விரல் நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வளைந்துவிடும்; பிறகு கார்டையே மாற்ற வேண்டியதுதான். எந்த நிற ஒயர் எந்தக் குமிழில் என்பது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் குமிழருகே சிறு முக்கோணக் குறி இருக்கும். இரண்டும் சரியாக உட்கார்ந்திருந்தும் தொல்லை தொடர்ந்தால் திரையின் கீல் பக்கம் பாருங்கள். பல மாடல்களில் இந்த ஒயர் கீல் வழியாகத்தான் திரைக்கு ஏறுகிறது. கீல் உடைந்த லேப்டாப்பில் ஒயரும் நசுங்கியிருக்கும்.

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி போட்டால் மட்டும் பாட்டு வெட்டுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், சேலம்

பதில்: சம்பந்தம் இருக்கிறது. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசியும் மின் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை லேப்டாப்பின் மறுபக்க போர்ட்டுக்கு மாற்றி, நல்ல ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உறை) உள்ள கேபிளில் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். மலிவான யுஎஸ்பி ஹப்களும் இதே வேலையைச் செய்யும்.

நீங்கள் புளூடூத் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி அடாப்டர்) போட்டிருந்தால் அதை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு மேஜைமேல் வைத்தால் நன்றாக எடுக்கும். கூடவே உள் புளூடூத்தை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்யுங்கள். விண்டோஸ் ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத்தைக் கையாளாது.

கேள்வி: சார்ஜரைப் பிடுங்கினால் ஒலி தடுக்குகிறது. சில நேரம் லேப்டாப் ஸ்பீக்கரிலும் அப்படியே.
– வாசகி, வேலூர்

பதில்: ஸ்பீக்கரிலும் வருகிறது என்றால் புளூடூத்தை விட்டுவிடுங்கள். விண்டோஸ் பொதுவாக 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக ஒலியைத் தயாரிக்கிறது. நடுவே ஏதாவது டிரைவர் (உள் பாகங்களை இயக்கும் மென்பொருள்) பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் துண்டு தவறிப்போகும். பேட்டரி சேவரை அணைத்து, பவர் மோடை 'பேலன்ஸ்டு' ஆக்கிப் பாருங்கள். தீரவில்லை என்றால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பேட்டரியிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்ஸ் பக்கத்தில் அதிக நேரம் எடுத்தது எது என்று பாருங்கள். என்டிஐஎஸ் என்றால் நெட்வொர்க் டிரைவர், ஏசிபிஐ என்றால் பேட்டரி, பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பக்கம். அதற்கான புது டிரைவரையோ பயாஸையோ லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் இலவசச் சரக்குகள் வேண்டவே வேண்டாம்.

ஹெட்செட்டில் மட்டும் தடுக்கினால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது.

கேள்வி: ஒலி வெட்டவில்லை, ஆனால் படத்தில் உதடு முந்துகிறது, வசனம் பிந்துகிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: புளூடூத்தில் தாமதம் இயல்பு. விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகளை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒலி 50 மில்லிசெகண்ட் முன்னோ பின்னோ நகரும். உதட்டோடு பொருந்தும் வரை தட்டுங்கள்.