திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி: உலக விதி நம் கடற்கரைக்கு எப்படி வருகிறது?

கேள்வி: குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். அடுத்த திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைக்க ஆசை. சர்வதேச விதிப்படி நடத்த முடியுமா? இந்த விளையாட்டை உலக அளவில் ஆள்வது யார்? தகராறு வந்தால் தீர்ப்பு யார் சொல்வது?

பதில்:

முடியும். ஆனால் கோப்பை வாங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமான ஒரு பாய்மரப் போட்டியில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. யாராவது விதியை மீறினால், அதில் சிக்கிய அல்லது அதைக் கண்ட படகுதான் குரல் கொடுக்க வேண்டும். மீறியவர் அங்கேயே, கடலிலேயே, தானாகத் தண்டனை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூரி, தேசியச் சங்கம், உலக அமைப்பு எல்லாம் இதற்கு மேல் கட்டிய மாடிகள். இது ஓட்டுபவர்களுக்குப் புரியாமல் போட்டி வைத்தால் முடிவு கரையில் கைகலப்புதான்.

உலக அளவில் ஆள்வது வேர்ல்ட் செய்லிங். 1907இல் பாரிஸில் தொடங்கியது. 1996இல் ஐசாஃப் என்று பெயர் மாறியது, 2015இல் இன்றைய பெயர் வந்தது. தலைமையகம் லண்டன். தேசியச் சங்கங்கள்தான் அதன் உறுப்பினர்கள். இந்தியாவுக்கு அந்த இடத்தில் இருப்பது யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. அதற்குக் கீழே மாநிலச் சங்கங்களும் கிளப்புகளும். தமிழ்நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் சென்னையை ஒட்டியே நடக்கிறது: தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போன நேத்ரா குமணன் சென்னைக்காரர். காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பிள்ளைப் பருவத்திலேயே படிக்கும் குமரிக் கரையிலிருந்து இந்த ஏணியில் ஏற ஒரு வழி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் போட்டி அதற்கு முதல் படியாகலாம். அதனால்தான் காகித வேலையை முறையாகச் செய்யச் சொல்கிறேன்.

விதிப் புத்தகம் ஒன்றுதான், ரேசிங் ரூல்ஸ் ஆஃப் செய்லிங். ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் திருத்துவார்கள். இப்போது நடப்பில் உள்ளது 2025–2028 பதிப்பு. வேர்ல்ட் செய்லிங் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தாதீர்கள். எதிர்ப்பு மனு பற்றிய ஐந்தாம் பாகம் இந்தப் பதிப்பில் முழுவதும் மாற்றி அடுக்கப்பட்டுள்ளது, பழைய விதி எண்கள் பொருந்தாது.

இந்தப் புத்தகத்தின் 89ஆம் விதிதான் உங்களை நேரடியாகத் தொடும். போட்டியை நடத்தும் அமைப்பு யாராக இருக்கலாம் என்று அது வரையறுக்கிறது. தேசியச் சங்கத்தில் இணையாத மன்றம் தனியாக நடத்த முடியாது. இணைந்த கிளப்போடு கூட்டாக நடத்தலாம், ஆனால் உங்கள் மன்றம் அந்தக் கிளப்புக்குச் சொந்தமானதாக இல்லாவிட்டால் தேசியச் சங்கத்தின் ஒப்புதலோடு வேர்ல்ட் செய்லிங்கின் ஒப்புதலும் வேண்டும். இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. இணைந்த கிளப் அல்லது மாநிலச் சங்கம் நடத்துவதாகவும், நீங்கள் இடமும் ஆளும் படகும் தரும் உள்ளூர் ஏற்பாட்டாளராகவும் எழுதிக்கொள்ளுங்கள். களத்தில் ஓட்டத்தை நடத்தும், முறையாகப் பயிற்சி பெற்ற ரேஸ் ஆபீசர் ஒருவரும் அவர்கள் மூலம் வருவார்.

அடுத்து இரண்டு ஆவணங்கள். முதலாவது போட்டி அறிவிப்பு: எந்த வகைப் படகு, வயது, கட்டணம், நாள், எத்தனை ஓட்டம். இரண்டாவது செய்லிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்: பாதையின் படம், படகுகள் சுற்றி வர வேண்டிய மிதவையின் நிறம், புறப்படும் நேரம், எதிர்ப்பு மனுவுக்குக் கெடு. இவற்றில் எழுதி விதிகள் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம். அடிப்படை விதிகளான முதல் பாகத்திலும், படகும் படகும் சந்திக்கும்போது யார் விலக வேண்டும் என்று சொல்லும் இரண்டாம் பாகத்திலும் கை வைக்க முடியாது, வெளிப்படையாக அனுமதித்த ஓரிரு இடங்களைத் தவிர. ‘எங்க ஊர் வழக்கப்படி கரைப்பக்கம் வருகிறவனுக்குத்தான் வழி’ என்று எழுதினால் செல்லாது.

அந்த இரண்டாம் பாகத்தின் உயிர் மூன்று விதிகள். எதிர்ப் பக்கங்களில் காற்று வாங்கி இரண்டு படகுகள் சந்தித்தால், இடப்புறம் காற்று வாங்குவது விலக வேண்டும். ஒரே பக்கம் வாங்கினால், காற்றுக்கு மேலே (காற்று வரும் பக்கம்) இருப்பது கீழே இருப்பதற்கு விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதற்கு விலக வேண்டும். யாருக்கு வழி உரிமை இருந்தாலும் முடிந்தவரை மோதலைத் தவிர்க்க வேண்டும் என்பது 14ஆம் விதி. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம். ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகான ஐஎல்சிஏ சுமார் 4.2 மீட்டர், ஆக மிதவையிலிருந்து வட்டத்தின் விளிம்பு பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். தகராறில் பெரும்பங்கு இதற்குள்தான் பிறக்கும்.

தண்டனை என்றால்: வழி விலகாத படகு சட்டென்று ஒதுங்கி, இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. கௌரவம் பார்த்துச் சுற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 2017 சிட்னி–ஹோபார்ட் கடல் போட்டியே சாட்சி. துறைமுகம் விட்டு வெளியேறும் முன்பே வைல்ட் ஓட்ஸ் XI என்ற படகு, காமான்சி என்ற படகுக்கு வழி விடாமல் குறுக்கே திரும்பியது. அங்கேயே இரண்டு சுற்று சுற்றியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சுற்றவில்லை. முதலில் கரை சேர்ந்தும் ஜூரி ஒரு மணி நேரத்தைக் கூட்டியது, வெற்றி காமான்சிக்குப் போனது.

சுற்றாதவர் மேல் எதிர்ப்பு தர நினைப்பவர் உடனே ‘புரொட்டெஸ்ட்’ என்று கூவ வேண்டும். படகின் உடல் 6 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். ஐஎல்சிஏவுக்கும், பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுக்கும் கொடி வேண்டாம், நம் பைபர் வள்ளம் என்றால் வேண்டும். பிறகு கரையில் கெடுவுக்குள் எழுத்து மூலம் மனு. உங்கள் ஆவணத்தில் கெடு குறிக்காவிட்டால் கடைசிப் படகு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம். விசாரணைக் குழு முதலில் பார்ப்பது யார் சரி என்பதை அல்ல. கூவினாரா, கொடி காட்டினாரா, நேரத்துக்குள் தந்தாரா என்பதைத்தான். உரிய நேரத்தில் கூவாததாலேயே நியாயமான மனுக்கள் பல தள்ளுபடியாகின்றன. போட்டிக்கு முந்தின நாள் ஓட்டிகளை உட்கார வைத்து இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

குழுவில் மூன்று பேராவது இருக்கட்டும். முடிவில் லாபநட்டம் உள்ளவரோ நெருங்கிய சொந்தமோ உட்காரக் கூடாது. ஊர்க்கமிட்டி தீர்த்துப் பழகிய இடத்தில் இதுதான் மிகக் கடினம். தம்பி மகன் ஓட்டிய படகின் வழக்கில் பெரியப்பா தீர்ப்பு எழுதினால், தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் மேல்முறையீட்டில் நிற்காது. வெளியூர் ஆள் ஒருவரையாவது சேருங்கள். மேல்முறையீடு தேசியச் சங்கத்துக்கு, எழுத்துத் தீர்ப்பு கையில் கிடைத்த 15 நாட்களுக்குள். குழு கண்டறிந்த நிகழ்வுகளை அங்கே மாற்றக் கேட்க முடியாது. விதியைப் பொருத்தியதிலும் விசாரணை நடைமுறையிலும் தவறு இருந்தால் மட்டுமே கேட்கலாம். ஒலிம்பிக் போன்ற பெரிய இடங்களில் சர்வதேச ஜூரி அமரும், முறைப்படி அமைந்த அந்த ஜூரியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

முதல் பாகத்தின் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான். ஓக்கி புயலைப் பார்த்த கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1988 சோல் ஒலிம்பிக்கில், பூசன் கடலில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, கவிழ்ந்த சிங்கப்பூர்க்காரர்களைத் தூக்கப் பாதையை விட்டு விலகினார். ஜூரி அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. உதவியதால் இடம் இழந்தவர் இப்படி நிவாரணம் கேட்கலாம் என்று ஓட்டிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தயங்க மாட்டார்கள்.

களத்தில் சறுக்கும் இடங்கள். புறப்பாட்டுக்கு 5 நிமிடம் முன் வகுப்புக் கொடி (அந்தப் படகு வகையின் கொடி) ஏறும், 4 நிமிடம் முன் ஆயத்தக் கொடி ஏறும், 1 நிமிடம் முன் அது இறங்கும், பிறகு வகுப்புக் கொடி இறங்கும்போது புறப்பாடு. நேரம் கொடியைப் பார்த்துத்தான், ஹாரன் ஒலிக்காவிட்டாலும் செல்லும். புறப்பாட்டுக் கோட்டின் நீளத்துக்கு எல்லாப் படகுகளின் நீளத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள்: 20 ஐஎல்சிஏ என்றால் சுமார் 125 மீட்டர். மிதவையின் நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும், குறைந்தால் நீவாடு இழுத்துக்கொண்டு போகும். மிதவைக்குச் சற்றுக் கீழே கயிற்றில் ஒரு சிறு எடை கட்டுங்கள். இல்லாவிட்டால் கயிறு மேலாகக் கிடந்து படகின் அடிப்பலகையில் மாட்டும். காலைக் கரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழும்பும் இடைவேளையில் ஓட்டம் தொடங்காதீர்கள், பாதை தலைகீழாகிவிடும்.

உடையும் அலை வழியே சின்னப் படகுகளை இறக்க வேண்டாம். சின்னமுட்டம், முட்டம் போன்ற அலைத்தடுப்புச் சுவர் உள்ள துறைமுகம் நல்லது. தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுக வாயிலிலேயே அலை உடைந்து உயிர்கள் போயிருக்கின்றன, அங்கே வேண்டாம். நம் மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம்: கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. அப்போது விசைப்படகுகள் துறைமுகத்துக்குள் நெருங்கிக் கட்டிக் கிடக்கும், பாய்ப்படகு திரும்ப இடம் இருக்காது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தை முழுவதும் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள்.

போட்டியில் இல்லாத படகைச் சந்தித்தால் போட்டி விதி பொருந்தாது, கடல் மோதல் தவிர்ப்பு விதிகள்தான். அவற்றின்படி வலை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகு விலக வேண்டும். தொழிலுக்குப் போகிறவர்களை ஒதுங்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் தனி ஓட்டம் வைக்க நினைத்தால், அவற்றுக்கு உலக அளவில் வகுப்பு விதி (ஒரு படகு வகைக்கான தனி விதி) கிடையாது. பாயின் பரப்பு, ஆள் எண்ணிக்கை, துடுப்பு போடலாமா என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். 42ஆம் விதி துடுப்பைத் தடுக்கிறது, வகுப்பு விதி சிலவற்றை அனுமதிக்கலாம். பாயை முந்தின நாளே மணலில் விரித்து டேப் பிடித்து அளந்து, மையில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுங்கள்.