மூட்டையும் இடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விருதுநகரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன் சார். 50 கிலோ சர்க்கரை மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறவன், போன வாரம் தரையில் இருந்த எண்ணெய் டின்னைத் தூக்கப்போய் குறுக்கு பிடித்துக்கொண்டது. வெறும் 15 கிலோ டின்! இடுப்பைத் தாங்குகிற பெல்ட் போடச் சொல்கிறார்கள், வாங்கட்டுமா?

பதில்: மூட்டை உங்கள் முதுகுக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். லாரியில் நிற்கிறவர்கள் தூக்கி விடுகிறார்கள், தரையிலிருந்து நீங்கள் எடுப்பதே இல்லை, பாரமும் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. டின்னை எடுக்கும்போதுதான் அலட்சியம் வரும். முட்டியை மடக்காமல் குனிந்து, கையை எட்டி நீட்டி, எடுத்த வேகத்தில் கால் நின்ற இடத்திலேயே நிற்க இடுப்பை மட்டும் திருப்பிப் பக்கத்தில் வைப்போம். பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக முதுகெலும்பின் அடி டிஸ்க்குகள் மேல் ஏறும் அழுத்தம் மடங்கு மடங்காகக் கூடும், குனிந்தபடியே திரும்பினால் அதைவிட மோசம்.

அதனால் முதலில் டின்னை உங்கள் பக்கம் இழுங்கள், இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வரட்டும். ஒரு கால் கொஞ்சம் முன்னே. முட்டியை மடக்கி, ஒரு கையால் மேல் பிடியையும் மறு கையால் எதிர்ப்பக்க அடி மூலையையும் பிடித்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு தொடை பலத்தில் எழுந்திருங்கள், வெடுக்கென்று இழுக்க வேண்டாம். திரும்ப வேண்டுமா, பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அது முதலாளி கையில் இருக்கிறது: டின்களைத் தரையில் அடுக்காமல் முட்டி உயரத்துக்கு ஒரு மரப் பலகை போட்டு அடுக்கினால் பாதிக் குனிவு ஒழிந்தது.

பெல்ட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அடிபடாத தொழிலாளியை பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதுமான ஆதாரமில்லை என்று அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடுதலாகத் தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: ஒரு ஆள் இவ்வளவுதான் தூக்கலாம் என்று கணக்கு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் அனுமதிக்கும் நாடுகள் அதைச் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்தது. நயோஷின் கணக்கு இன்னும் கறார்: பாரம் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு என எல்லாம் சரியாக இருந்தாலே 23 கிலோதான். 2025 வரை அமலில் இருந்த நம் தொழிற்சாலைச் சட்டம், 1948, பிரிவு 34-ம் காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்கு எடையைத் தூக்க வைக்கக் கூடாது என்றது. நயோஷ் கணக்கை வைத்துப் பார்த்தால் 50 கிலோ மூட்டையே ஒற்றை ஆளுக்கு அதிகம்தான். கைவண்டி எதற்கு இருக்கிறது?

கேள்வி: குறுக்கு பிடித்தால் படுத்தே கிடக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வலி தாங்குகிற அளவுக்கு மெல்ல நடமாடுவதுதான் நல்லது, பாரம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.